பதினோரு நகரங்களுக்கு ஒரு மேயர்

ஜூன் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வேலையில் சேர வந்த முதல் நாளிலேயே கணக்கர் தப்பான கண்டத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு இஸ்தான்புல்லுக்கு வரவேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சரக்குப் போக்குவரத்துக் கட்டணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் அந்த நிறுவனத்தில், கூட்ட அறைகள் அனைத்துக்கும் உலக நகரங்களின் பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் பெயர்ப்பலகையைக் கண்டார், உள்ளே நுழைந்தார், காலி நாற்காலிகளுக்கு நடுவே கைகட்டிக் காத்திருந்தார். மடக்குத் தடுப்புக்கு அப்பால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டதே தவிர, ஒருவரும் வரவில்லை. சொந்த ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு, வந்த இடமும் ஏமாற்றா என்று சந்தேகம் வந்தது. அப்போது கதவைத் திறந்துகொண்டு, இடுப்பில் சாவிக்கொத்துடன் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"கணக்குப் பிரிவுக்குப் புதுசா வந்தவரா?"

"ஆமாங்க."

"நீங்க ஆசியாவுல உக்காந்திருக்கீங்க. உங்க ஆளுங்க எல்லாம் ஐரோப்பாவுல காத்துக்கிட்டிருக்காங்க. எழுந்து வாங்க. நடுவுல கடல் இல்ல, தடுப்புதான்."

இரண்டு கண்டங்களில் கால் வைத்து நிற்கும் நகரம் இஸ்தான்புல் என்பதால், தடுப்புப் போட்டுப் பிரித்த அந்தப் பெரிய அறைக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். அன்றிலிருந்து கணக்கரை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆசியா என்றுதான் கூப்பிடுவார்.

அவரை எல்லாரும் மேயர் என்றார்கள். எந்த அறையை, எந்த நேரத்தில், யாருக்கு ஒதுக்குவது என்பது அவர் கையில் இருந்தது. பதினோரு நகரங்களும் அவர் மேசையைக் கேட்காமல் விளக்குப் போடாது. முதலில் அவர் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர். ஆளுக்கொரு கைப்பேசி வந்து இணைப்பகம் மூடப்பட்டபோது, வரவேற்பு மேசைக்கு வந்தார். நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, நகரப் பெயர்கள் வேண்டும் என்று முதலாளி விரும்பினார்; ஒவ்வொரு கதவிலும் அந்த நகரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதும் வேலை மேயர் தலையில் விழுந்தது. ஊரைவிட்டு வெளியே கால் வைத்திராத அவர், கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டி எழுதினார். வெனிஸ் நகரம் சேற்றில் இறக்கிய மரத்தூண்களின்மேல் நிற்கிறது. காற்றுப் படாத அந்த மரம் உளுப்பதில்லை. மெக்சிகோ நகரம் வற்றவைத்த ஏரியின்மேல் கட்டப்பட்டது; அது மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. பாங்காக்கின் முழுப் பெயரை எழுதப் பலகை போதாமல் பாதியில் மூன்று புள்ளி வைத்தார். சிட்னியை ஆஸ்திரேலியாவின் தலைநகரம் என்று எழுதிவிட்டு, அலுவலகம் முழுவதன் கேலிக்கும் ஆளானார்.

"தலைநகரம் கான்பெரா இல்லையா, மேயரம்மா?"

"நான் மாத்திட்டேன். அவங்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரல."

அதன் பிறகு அந்த வரியின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டித் திருத்தினார். தாள் ஓரம் கிழிந்து, பழைய தலைநகரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நகரப் பெயர்கள் அலுவலகத்தின் பேச்சாகவே மாறிப்போயின. மின்தூக்கியை ஒட்டிய சின்ன அறையில் நெருக்கியடித்தால், டோக்கியோவில் கூட்டம் தாங்கவில்லை என்பார்கள். நாற்காலி தானாகக் கீழே இறங்கினால், மெக்சிகோ புதைகிறது என்பார்கள். கணக்கர் மாலையில் வீடு திரும்பியதும், அன்றைய நகரச் செய்தியை மனைவிக்குச் சொல்வார். மனைவிக்கு இதய வால்வு எனும் தடுக்கிதழ் ஒன்று பழுதாகி வந்த காலம் அது. இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் ஏதோ படிப்பதுபோல் நடிப்பார். கணக்கரும் அவருடன் நின்று, இல்லாத எழுத்தைப் படிப்பார்.

லா பாஸ் என்றால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. ஐந்தாம் மாடியின் கோடியில், மொட்டைமாடிக்குக் கீழே இருந்தது அந்த அறை. மற்ற அறைகளுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர். லா பாஸுக்கு மட்டும் செங்கல் சுவர். ஒரு கதவு நடைவழிக்கும், இன்னொரு கதவு பின்பக்கப் படிக்கட்டுக்கும் திறந்தன. முன்பொரு முறை, வெனிஸ் அறையில் வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கண்ணாடி வழியே ஒரு பிரிவே அவர் அழுததைப் பார்த்தது. எல்லார் முன்னிலையிலும் தன்னை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அவர் வழக்குத் தொடுத்தார். அன்றுமுதல், நீக்கும் பேச்சு லா பாஸில் மட்டுமே நடக்கவேண்டும், நீக்கப்பட்டவர் பின்படிக்கட்டு வழியாக யார் கண்ணிலும் படாமல் போகவேண்டும் என்று விதி செய்தார்கள். கதவில் மேயர் எழுதிய வரி அதற்கு முன்பே இருந்தது: ஆட்சி நடக்கும் தலைநகரங்களுள் உலகிலேயே உயரத்தில் உள்ளது, புதிதாய் வருவோருக்கு மூச்சு வாங்கும். அந்தப் பலகையை மாற்றிவிடலாமா என்று அவரே கேட்டுப் பார்த்தார். மேலிடத்தில் யாருக்கும் அதன் பொருள் உறைக்கவில்லை. வேலை போனவரைப் பற்றி, லா பாஸ் ஏறிவிட்டார் என்று சொல்வது வழக்கமாயிற்று.

கணக்கர் சேர்ந்த நான்காம் ஆண்டு, மனைவியின் தடுக்கிதழை மாற்றியே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். செலவை நிறுவனத்தின் காப்பீடு ஏற்கும். ஆனால் மனைவியின் கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தது. அது முழுதாக ஆறாமல் நெஞ்சைத் திறந்தால் கிருமி இதயத்துக்கே போய்விடும் என்று, அறுவை சிகிச்சையை அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளினார்கள். கணக்கர் காப்பீட்டு முகப்பில் போய் நின்றார்.

"ஆபரேஷன் அன்னிக்கு நீங்க வேலையில இருக்கணும் சார், அவ்வளவுதான்" என்றாள் முகப்பில் இருந்த பெண், நல்ல செய்தி சொல்பவளைப்போல. "வேலை போன அன்னிக்கே காப்பீடும் போயிடும். மத்தபடி ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை தலைமையகத்திலிருந்து கத்தரி வந்து இறங்கினார்.

கத்தரி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். மெலிந்தவர், மரியாதை தவறாதவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவர் வந்தால் ஒரு பிரிவு மெலியும். இந்த முறை கணக்குப் பிரிவு என்று காற்றில் பேச்சு அடிபட்டது. கணக்கர் தம் பிரிவுத் தலைவரிடம் போய், மனைவியின் நிலையைச் சொல்லி, கத்தரியிடம் ஒரு வார்த்தை பேசும்படி கெஞ்சினார். தலைவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வாயத் திறக்காதீங்க. இவ்வளவு பெரிய செலவு வரப்போகுதுன்னு தெரிஞ்சா, உங்களைத்தான் முதல்ல மேல ஏத்துவாங்க. தலையக் குனிஞ்சு வேலையப் பாருங்க."

கணக்கர் நேரே மேயரின் மேசைக்குப் போனார். தண்ணீர் குடிப்பதுபோல் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அக்கா, லா பாஸை யாராவது கேட்டிருக்காங்களா?"

"கேக்காம இருப்பாங்களா? மலைவாச ஸ்தலமாச்சே."

"விளையாடாதீங்க அக்கா. என் பேரு இருக்கா?"

மேயர் சாவிக்கொத்தை ஒரு முறை திருப்பினார். திங்கட்கிழமையிலிருந்து லா பாஸ் வேண்டும் என்று கத்தரி கேட்டிருந்தார். யார் யாரை எந்த வரிசையில் மேலே அனுப்பவேண்டும் என்பதும் மேயருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெளியே சொல்லக் கூடாது என்பதும் சொல்லப்பட்டிருந்தது. அவர் சொல்லவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"வர்ற புதன் இல்ல, அதுக்கு அடுத்த புதன்."

"காலையிலயா?"

"காலையிலதான். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். தண்ணி குடிச்சாச்சுல்ல? இடத்தைக் காலி பண்ணுங்க, ஆசியா. பின்னால ஆள் நிக்குது."

அந்தக் கேள்வியிலேயே கணக்கருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, மேசைத் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் கணக்கர் அதை எடுக்கத் தயங்கினார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து கழிவறைக்குப் போனால்கூட, மேலே கூப்பிட்டுவிட்டார்கள் போலும் என்று எல்லார் தலையும் திரும்பியது. ஆனால் அன்று ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. மதிய இடைவேளையில் செய்தி கசிந்தது: லா பாஸில் தணிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைதியான அறை வேண்டும் என்று அவர்கள் கேட்டதும், மேயர் அதைவிட அமைதியான இடம் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று அவரே அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டாராம். தணிக்கைக்காரர்களை எழுப்ப யாருக்குத் தைரியம் வரும்? கத்தரிக்கும் வரவில்லை.

"வேறே ரூம் தரட்டுமா சார்?" என்று மேயர் அவரைக் கேட்டதை வரவேற்பில் இருந்தவர்கள் கேட்டார்கள். "வெனிஸ் காலியா இருக்கு. நல்ல வெளிச்சம். எல்லாப் பக்கமும் தெரியும்."

விதியை எழுதிய குழுவில் கத்தரியும் ஒருவர். "வேண்டாம்மா. காத்திருக்கேன்" என்று சொல்லி, டோக்கியோவின் நெரிசலில் தம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

தணிக்கைக்காரர்கள் சனிக்கிழமைவரை எழவில்லை. மேயர் அவர்களுக்குத் தேநீர் அனுப்பியவாறிருந்தார். அந்த வாரம் கணக்கரால் ஒரு பட்டியலையும் முழுதாகக் கூட்ட முடியவில்லை. கூட்டிய எண்ணையே மறுபடி கூட்டினார். வீட்டில், மனைவி முன்னால் சிரித்த முகத்தை மாட்டிக்கொள்வதும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதுமாக இருந்தார்.

சனிக்கிழமை மதியம் மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் மேயர் பக்கத்தில் வந்து நின்றார். கணக்கரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேச்சை எடுத்தார்.

"சிகாகோ கதவுல என்ன எழுதியிருக்கேன், படிச்சிருக்கீங்களா?"

"இப்ப அதுவா அக்கா முக்கியம்?"

"கேளுங்க. ஒரு காலத்துல அந்த ஊரு தாழ்வா இருந்துச்சு. சாக்கடை ஓட வழியில்ல. அதுக்காகக் கட்டடத்தை இடிக்கல. அடியில திருகு ஜாக்கியா வரிசையா வச்சு, ஆளுங்க நின்னு ஒண்ணா திருகித் திருகி, அப்படியே தூக்குனாங்க. உள்ள ஓட்டல்ல தங்கியிருந்தவங்க பாட்டுக்குச் சாப்பிட்டாங்க, தூங்கினாங்க."

"பயமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும். ஆனா எந்திரிச்சு ஓடியிருந்தா விழுந்திருப்பாங்க. நீங்க பாட்டுக்கு உள்ள இருங்க. திருகறவங்க திருகட்டும்."

கணக்கர் அதை ஆறுதல் மொழி என்றுதான் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு செய்தி இருந்தது அவருக்கு அப்போது எட்டவில்லை.

மறுவாரம் திங்களன்று லா பாஸில் சுண்ணாம்புக்காரர் ஏணி போட்டிருந்தார். மழைக்கசிவு என்றார் மேயர். செவ்வாயன்று சுவர் காயவில்லை என்றார். வாடை நெஞ்சை அடைக்கிறது, அதில் யாரையும் உட்காரவைத்துப் பேசினால் அதற்கும் வழக்குப் போடுவார்கள் என்று கத்தரிக்கே எடுத்துச் சொன்னார். கத்தரி தலையசைத்துவிட்டுப் போனார். தலைமையகத்திலிருந்து அவருக்கும் நெருக்கடி வந்துகொண்டிருந்தது.

செவ்வாய் மாலை மனைவி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். புதன் காலை அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது, படுத்தபடியே கணக்கரின் விரலைப் பிடித்தார்.

"ஏங்க, அந்த மேலே இருக்கிற ஊருல எல்லாருக்கும் இப்படித்தான் மூச்சு முட்டுமா?"

"புதுசா போறவங்களுக்குத்தான். அங்கயே இருக்கிறவங்களுக்குப் பழகிடுமாம்."

"எனக்குப் பழகல" என்று சொல்லிச் சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

கணக்கர் நடைவழியில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் எழுந்தார். உள்ளே நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். வெளியே, எந்த நிமிடமும் அவர் கைப்பேசியில் ஒரு குரல், லா பாஸ்வரை வந்துவிட்டுப் போங்கள் என்று மிக மரியாதையாகப் பேசக்கூடும். பேசினால், மூடியிருக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதன் முழுச்சுமையும் விற்பதற்கு ஒன்றுமில்லாத அவர் தலையில் வந்து இறங்கும். கைப்பேசியை அணைத்துவிடலாமா என்று நினைத்தார். அணைத்தால் அறுவை அறையிலிருந்து கூப்பிட்டாலும் தெரியாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிக்கப்போகும் ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி நின்றார்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்பு அது ஒலித்தது. அலுவலக எண். எடுக்காமல் விட்டார். மறுபடி ஒலித்தது. எடுத்தார்.

"ஆசியா, நான்தான். ஆச்சா?"

"உள்ளதான் இருக்கா, அக்கா."

"சரி" என்றார் மேயர். வைத்துவிட்டார். அவர் பின்னணியில் ஓர் ஆண்குரல், தணிந்து, மிகப் பொறுமையாக எதையோ கேட்டுக்கொண்டிருந்ததைக் கணக்கர் கேட்டார்.

மருத்துவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, புதிய தடுக்கிதழ் நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னபோது, கணக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடிக்கும் முன்பே கைப்பேசி மறுபடி ஒலித்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா. நல்லா இருக்காளாம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்ப சரி. நான் போயி கதவைத் திறந்து விடுறேன்."

எந்தக் கதவு என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

கணக்கர் மறு திங்களன்று அலுவலகத்துக்குப் போனபோது, மேயரின் மேசையில் யாரும் இல்லை. அறை ஒதுக்கும் வேலையைச் சுவரில் மாட்டிய ஒரு திரை பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அழைப்பும் அந்தத் திரையிலிருந்தே வந்தது: லா பாஸ், பதினோரு மணி.

ஐந்து மாடியும் படியேறியே போனார். கத்தரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார், மனைவியின் உடல்நிலையை விசாரித்தார், சொல்லவேண்டியதைச் சொன்னார். கணக்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேயரம்மா எங்க சார்?"

கத்தரி சுவரைப் பார்த்தார். வெள்ளை அடித்த ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்றிருந்தது.

"புதன்கிழமை நானே மேல ஏறி வந்து பார்த்தேன். சுவர் காஞ்சிருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. சாவியைக் கேட்டேன். 'கொஞ்சம் பொறுங்க சார், ஒரு போன் பேசணும்'னாங்க. நான் முன்னால நிக்கிறேன், அவங்க உக்காந்து போனைப் பாத்துக்கிட்டிருக்காங்க. மணிக்கணக்கா. கடைசில சாவியை எடுத்துக் குடுத்து, 'முதல்ல என்னைக் கூப்பிட்டுருங்க, வரிசை மாறினாலும் பரவாயில்ல'ன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வேற வழி இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

கணக்கர் பின்கதவு வழியே இறங்கினார். அந்தப் படிக்கட்டில் ஜன்னல் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவரை அறியாமல் நின்று, வெற்றுச் சுவரைப் பார்த்தார். மேயரும் இந்தப் படிகளில்தான் இறங்கியிருப்பார். அவருடைய காப்பீடும் அன்றோடு போயிருக்கும் என்பது கணக்கருக்கு மூன்றாம் மாடி வரும்போது உறைத்தது.

மனைவி நடமாடத் தொடங்கியதும், இருவருமாக மேயரின் வீட்டுக்குப் போனார்கள். மேயர் தம் அக்காவுடன் ஓர் அறை வீட்டில் குடியிருந்தார். வேலை ஏதும் அமையவில்லை. ஐம்பதைத் தாண்டியவருக்கு, அதுவும் சாவியை மறைத்துவைத்தவர் என்ற பேரோடு வந்தவருக்கு, எந்த வரவேற்பு மேசையும் கிடைக்கவில்லை. கணக்கரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நீங்க எங்களுக்குச் செஞ்சதுக்கு..." என்று கணக்கர் தொடங்கினார்.

"என்ன செஞ்சேன்? சுவத்துக்கு வெள்ளை அடிச்சேன். அதுவும் அரைச் சுவரு."

"உங்களுக்கு எப்ப எது வேணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த நேரமா இருந்தாலும் வந்து நிப்பேன்."

"கேக்கும்போது மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"அவங்க சாட்சி" என்று மேயர் கணக்கரின் மனைவியைக் காட்டினார். "போதும், போயி பொழப்பைப் பாருங்க. வீட்டம்மாவைப் படி பாத்து இறக்குங்க."

கணக்கருக்கு ஒரு கண்ணாடிக் கடையில் விற்பனைச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. அவ்வப்போது மேயருக்குத் தொலைபேசியில் பேசுவார். என்ன வேண்டும் என்று கேட்பார். "யோசிச்சுச் சொல்றேன், அவசரமில்ல" என்பார் மேயர்; பிறகு எங்கோ படித்த ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்வார். லா பாஸில் இப்போது மலைக்கு மேலும் கீழுமாகக் கம்பிவட வண்டி ஓடுகிறதாம், பேருந்தில் போவதுபோல ஜனங்கள் அதில் வேலைக்குப் போகிறார்களாம், இனிமேல் யாரும் மூச்சு வாங்க ஏறவேண்டியதில்லையாம் என்றார் ஒரு முறை. அந்தப் பேச்சினிடையே அவருக்கே மூச்சு வாங்கியதைக் கணக்கர் கவனித்தார். படி ஏறி வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காலையில் மேயரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய அக்கா. கணக்கர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கும் இதயம்தான் என்றார் அக்கா. இலவச மருத்துவமனையில் அறுவைக்குப் பெயர் கொடுத்து, தேதிக்காகக் காத்திருந்தார். தேதி வரவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் கணக்கர். சத்தம் கேட்டுத் தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த டாக்டரை எனக்குத் தெரியுமே. கால்ல விழுந்திருப்பேனே."

"நானும் அதைத்தான் தம்பி சொன்னேன். போன்ல முதல் பேரே உங்க பேருதான், ஆசியான்னு போட்டிருந்தா. கூப்பிடட்டுமான்னு கேட்டேன். 'அந்த மனுசன் இப்பதான் மலையில இருந்து இறங்கி மூச்சு விடுறாரு. விடு, அப்புறம் கேட்டுக்கலாம்'னுட்டா."

மாட்டேன் என்று சொல்லக் கூடாது என, சாட்சி வைத்து வாக்கு வாங்கியிருந்தார் மேயர். வாங்கியதோடு சரி, கடைசிவரை கேட்கவே இல்லை.